ஒரு படி ஏற்றி எழுதினேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். அதன் பிறகு முப்பத்தோரு வருடம் எழுதிக்கொண்டேதான் இருந்தேன் என்றாலும், அதெல்லாம் அடுத்தவர்களுடைய பெயர், வயது, முகவரி, உபாதை. சொந்தமாக நான் வாக்கியம் எழுதியது விடுப்பு விண்ணப்பத்தில் மட்டும்தான். அதிலும் 'காய்ச்சல் காரணமாக' என்பதற்கு மேல் என் கற்பனை போனதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் மருத்துவமனையின் பதிவு கவுண்டரில் இப்போது பேனா கிடையாது. ஒரு பலகை மாதிரி தொடுதிரை கொடுத்திருக்கிறார்கள். 'மது: உண்டு, இல்லை' என்று அதுவே கேட்கிறது. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். போன மாதம் பென்ஷன் பேப்பர் விஷயமாகப் போயிருந்தபோது, கவுண்டரில் இருந்த பெண்கள், "முன்னாடி எல்லாம் எப்படி எழுதுவீங்க ஸ்டெல்லாக்கா?" என்று கேட்டார்கள். "ஒரு படி ஏத்தி எழுதுவோம்" என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் டோக்கன் வாங்க நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவமனை ஆண்டு மலருக்கு இதை எழுதித் தரச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் கேஸ் ஷீட்டை எப்படி மடிப்பது என்று காட்டினார்கள். இரண்டாம் நாள் எப்படிப் பிரிப்பது என்று காட்டினார்கள். மூன்றாம் நாள் சொல்லிக்கொடுத்த அக்காவுக்குக் கல்யாணமாகி அவர் போய்விட்டார்.

மீதியைப் பெரிய டாக்டர் சொல்லிக்கொடுத்தார். அவர்தான் அந்த மருத்துவமனையைக் கட்டியவர். அப்போது கீழ்த்தளம் மட்டும்தான், பதினான்கு படுக்கை. காலை எட்டு மணிக்கு வருவார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார், மூன்றாவது மடிப்பு மடித்தால் யாரையோ திட்டப்போகிறார் என்று பொருள். நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். "கையை நீட்டு" என்பார். உள்ளங்கை பார்ப்பார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பார், பிறகு கேஸ் ஷீட்டை எடுத்து, கோர்ட்டில் தீர்ப்புப் படிப்பதுபோல சத்தமாக வாசிப்பார். வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

அந்த ஷீட்டில் கடைசிக் கட்டம் மது. அதற்கு மூன்று பதில்தான்: இல்லை, எப்பவாவது, தினமும். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இதோ பாரு. ஆம்பளைங்க யாரும் இதுல உண்மை சொல்ல மாட்டாங்க. இல்லைன்னு சொன்னா எப்பவாவதுன்னு போடு. எப்பவாவதுன்னா தினமும்னு போடு. ஒரு படி ஏத்தியே போடு."

"தினமும்னு சொன்னா சார்?"

"அவனை நேரா பெட்டுக்கு அனுப்பு."

பெண்களுக்கு அந்தக் கட்டமே கிடையாது. ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். ஒருமுறை முடிச்சூர் பக்கம் கட்டட வேலை செய்கிற ஓர் அம்மா காமாலையோடு வந்தார். நான் வழக்கம்போலக் கோடு இழுத்ததைப் பார்த்துவிட்டு, "அவனாண்ட மட்டும் கேட்ட, என்னாண்ட ஏன் கேக்கல? நாள் பூரா கல்லு தூக்கறேன், ராவுக்கு ஒரு கட்டிங் போட்டாதான் உடம்பு கேக்குது. எழுது" என்றார். எழுதினேன். பெரிய டாக்டர் மூன்றாவது மடிப்பு மடித்தார். "பொம்பளைங்களுக்கு அந்தக் கட்டம் இல்லைன்னு சொன்னேனா இல்லையா?" அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையை நான் அடித்துவிட்டுக் கோடு போட்டேன்.

எனக்குக் கூச்ச சுபாவம். முன்பின் தெரியாத ஆண்களிடம் 'தண்ணி போடுவீங்களா' என்று கேட்க நாக்கு எழவில்லை. அதனால் தலையைக் குனிந்துகொண்டு, "பழக்கம் ஏதாவது உண்டுங்களா?" என்பேன். "காலைல வாக்கிங் போற பழக்கம்" என்று ஒருவர் சொன்னார். ஒருவருடைய மனைவி முந்திக்கொண்டு, "எல்லா கெட்ட பழக்கமும் உண்டு. நீ எத்தக் கேக்குற?" என்றார். என்ன பதில் வந்தாலும் ஒரு படி ஏற்றத்தான் போகிறோம் என்று இருந்ததால், நான் பதிலைச் சரியாகக் காதில் வாங்கக்கூட அவசியம் இல்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு ஏற்ற வேலைதான் அது.

பெரிய டாக்டரைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய விதி பெரும்பாலும் சரியாகவே இருந்தது. காலையில் 'இல்லை' என்றவர்களை மாலையில் ரயில்வே கேட் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன். சரியாக இருக்கிற விதியை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

கோவிந்தசாமி என்பவர் வந்தது அந்தக் காலத்தில்தான். இருபத்திரண்டு வருடம் இருக்கும். மாடம்பாக்கத்துப் பழைய குடும்பம். நிலம் பிளாட் ஆகி, வாடகை வீடுகள் கட்டி, ஓரளவு வசதியானவர்கள். நாற்பத்து நான்கு வயது. ஒல்லியான கை, ஒல்லியான கழுத்து, நடுவில் வயிறு மட்டும் குடம் மாதிரி. கண் மஞ்சள். கூட அவர் மனைவி தனம். தனத்துக்கு அவர் சொந்தத் தாய்மாமன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மாமா என்றே கூப்பிட்டதால் தனக்கு எதுவும் பெரிதாக மாறவில்லை என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் குனிந்துகொண்டே, "பழக்கம் ஏதாவது..." என்றேன்.

"டீ தாம்மா" என்றார் கோவிந்தசாமி. "ஒரு நாளைக்கு ஆறு, ஏழு ஆவும். எழுதிக்க."

"அது இல்லைங்க. மத்தது."

அவருக்குப் புரிந்தது. "அத்தத் தொட்டதே இல்லம்மா. திருவிழாவுல அம்மனத் தோள்ல தூக்கறவன் நானு. எங்க ஊர்ல அத்தத் தொட்டவன் தோள் குடுக்கக் கூடாது."

தனம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் 'எப்பவாவது' என்று எழுதினேன்.

உள்ளே பெரிய டாக்டர் அவர் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார். காலில் அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்த்தார். பிறகு ஷீட்டை எடுத்து வாசித்தார். "எப்பவாவதா? இந்த வயிறு எப்பவாவது குடிச்ச வயிறா?"

"சார், நான் இல்லன்னுதான்..."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ஸ்டெல்லா, தினமும்னு மாத்து."

மாற்றினேன். ஒரே காலையில், ஒரு மூடியும் திறக்காமல், கோவிந்தசாமி இரண்டு படி ஏறிவிட்டார்.

எட்டு நாள் இருந்தார். ஊசி போட்டு வயிற்றில் இருந்த நீரை எடுத்தார்கள். போகும்போது கொடுக்கும் குறிப்பைப் பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நோயாளிகளுக்குப் புரிய வேண்டும் என்று அவர் தமிழிலேயே எழுதச் சொல்வார். அது அவருடைய நல்ல குணங்களில் ஒன்று. 'மதுப் பழக்கத்தால் கல்லீரல் சுருக்கம். இனி மது அறவே கூடாது.' என் கையெழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருக்கும். யாரும் தப்பாகப் படித்துவிட முடியாது.

கோவிந்தசாமி அதைக் கவுண்டரில் நின்றபடியே படித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஒரு வரிய மட்டும் மாத்திக் குடுக்க முடியுமாம்மா? ஊர்ல கேப்பாங்க" என்றார்.

"பெரிய டாக்டரைக் கேளுங்க" என்றேன். கோவிந்தசாமி போய்க் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். கூச்சம் நல்ல குணம் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அன்று அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

அடுத்த திருவிழாவுக்கு முன்பே அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகும் நான் ஒரு படி ஏற்றித்தான் எழுதினேன்.

பெரிய டாக்டர் காலமான பிறகு அவர் மகன் மேலே இரண்டு மாடி எழுப்பினார். கல்லீரலுக்கென்று வாரத்தில் மூன்று நாள் டாக்டர் மாலினி வந்தார். சிறிய உருவம். ஸ்டெதஸ்கோப் மேஜை டிராயரில் இருக்கும், கழுத்தில் தையல்கடை இஞ்சு டேப் தொங்கும். யார் வந்தாலும் முதலில் இடுப்பை அளப்பார். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்ததாக நினைத்துக் கையைத் தூக்கிய பெண்கள் உண்டு.

முதல் நாளே என் பழைய ஷீட்டுகளைப் புரட்டினார். "இந்த ஏரியாவுல மது குடிக்காத ஆம்பளையே இல்லையா?" என்று கேட்டார். நான் விதியைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஸ்டெல்லா, அவங்க என்ன சொல்றாங்களோ அப்படியே எழுதுங்க. நம்பறதா வேண்டாமாங்கறது என் வேலை. எழுதறது உங்க வேலை" என்றார். கேட்க எளிதாக இருந்தது. கை பழக்கத்தை விட ஆறு மாதம் ஆயிற்று. 'இல்லை' என்று எழுதும்போது பொய்க்கணக்கு எழுதுகிற மாதிரி உடம்பு கூசும். பெண்களிடமும் கேட்க வேண்டும் என்றது அதைவிடக் கஷ்டம்.

அவர் எனக்குக் கொடுத்த புது வேலை குடும்பப் படம் வரைவது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் அச்சு ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்கள் மேல் சாய்வாக ஒரு கோடு. கல்லீரலில் கொழுப்பு இருந்தால் பாதி நிழல், சுருங்கியிருந்தால் முழு நிழல். சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. எங்கள் பக்கத்தில் தாய்மாமனைக் கட்டியவர்கள் நிறைய. அவர்களுக்கு வரைந்தால் கோடு மேலே போய், சுற்றி, புறப்பட்ட வட்டத்துக்கே திரும்பி வரும். மார்கழியில் கோலமாகப் போட்டிருந்தால் பரிசு கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு சதுரத்துக்கும் டாக்டர் மாலினி மூன்று கேள்வி கேட்பார். இருக்காரா? எதனால போனாரு? மூன்றாவதுதான் அவருடைய கேள்வி: யார் சொன்னா? பாதிப் பேர் அந்த மூன்றாவது கேள்வியில் நின்றுவிடுவார்கள். 'குடிச்சே செத்தாரு' என்று அடித்துச் சொல்வார்கள். யார் சொன்னா என்றால், ஊரே சொல்லும் என்பார்கள்.

கல்லீரலில் கொழுப்பு சேர்வது சில குடும்பங்களில் பிறப்போடு வருகிறது என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்ததும், அது வெளியே பெஞ்சு வரை பரவியது. இதனால் அதிகம் மகிழ்ந்தவர்கள் குடிக்கிறவர்கள்தான். மனை விற்கும் ஓர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எங்க பரம்பரைலயே கீது மேடம். நான் இன்னா பண்றது?"

"இருக்கா இல்லையான்னு இன்னும் பாக்கவே இல்லையே. இருந்தா, மத்தவங்களை விட உங்களுக்குத்தான் குடி இன்னும் கெடுதல். சுத்தமா நிறுத்தணும். பாத்துடலாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வாணாம் மேடம். பரம்பரைய ஏன் தொந்தரவு பண்ணிக்கினு."

இப்படி ஒரு நாளில்தான் பிரபு வந்தான். முப்பத்து மூன்று வயது. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறான். ஒல்லி. ஏதோ இன்சூரன்ஸுக்காக ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. எங்கள் இடத்தில் கல்லீரலின் விறைப்பைப் பார்க்கும் கருவியில் பார்த்தால், அந்த வயதுக்கு இருக்கக் கூடாத விறைப்பு.

"மது?" என்று நேராகவே கேட்டேன். எனக்கும் அதற்குள் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

"இல்லீங்க்கா. இருமல் மருந்து கூட வாசன பாத்துட்டுதான் குடிப்பேன்."

'இல்லை' என்று எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து, நான் எழுதியதை நம்பாமல் இன்னொரு முறை பார்த்தான்.

டாக்டரிடம் அவன் சொன்னது இது. ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து வீட்டு வாசலில் அவனை நிறுத்தி வைத்து, மனைவி வாயை ஊதச் சொல்கிறாள். எப்படி ஊதச் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் மூக்கை வைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன் அம்மா. "எங்கம்மாக்கு அனுபவம் மேடம். எங்கப்பாவ அப்பிடித்தான் டெய்லி ஊத வெப்பாங்களாம். ஒரு நாள் கூட மாட்டலயாம். அவ்ளோ கில்லாடின்னு இன்னிக்கும் சொல்லிக்கினு கீறாங்க."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"அப்பன் மாதிரியே மறைக்கிறான்னு." அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என் பொண்ணுக்கு நாலு வயசு மேடம். நேத்து அவளும் ஊது ஊதுன்றா."

நான் படம் வரைய அச்சை எடுத்தேன். அப்பா பெயர் என்ன என்றேன். கோவிந்தசாமி என்றான். ஊர் மாடம்பாக்கம். சதுரம் போட்டு, சாய்வாகக் கோடு இழுத்தேன்.

"எதனால போனாரு?" என்றார் டாக்டர்.

"குடிச்சி."

"யார் சொன்னா?"

"ஆஸ்பத்திரில எழுதியே குடுத்துட்டாங்க மேடம். அம்மா அத லேமினேசன் பண்ணி வெச்சிக்கினு கீறாங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"இதே தான். அப்ப கீழ மட்டும் இருந்துச்சாம்."

என் பென்சில் முனை அச்சுக்குள் உடைந்தது. நான் குனிந்து வேறு பென்சில் தேடினேன். தேவைக்கு அதிகமான நேரம் தேடினேன்.

டாக்டர் அவன் ரத்தத்தைப் பரம்பரைச் சோதனைக்கு அனுப்பினார். வேறு காரணங்களுக்கான சோதனைகளையும் எழுதினார். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், வரும்போது அம்மாவைக் கூட்டி வா, அந்தத் தாளையும் எடுத்து வரச் சொல் என்றார். அந்த வாரங்களில் நான் பழைய ரெக்கார்டு அறைக்கு இரண்டு முறை போனேன். பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஷீட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு தாள் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக மாடம்பாக்கத்தில் இருந்தது.

முடிவு வந்த அன்று தனமும் பிரபுவும் வந்தார்கள். தனம் துணிப்பையிலிருந்து தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். தாள் பழுப்பேறவில்லை. என் எழுத்து நேற்று எழுதியது போலக் குண்டு குண்டாக இருந்தது.

டாக்டர் அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். "அம்மா, கல்லீரல்ல சேர்ற கொழுப்பைக் கரைச்சு அனுப்பறதுக்கு உடம்புக்குள்ள ஒரு குறிப்பு இருக்கு. எல்லாருக்கும் ரெண்டு பிரதி. ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து, ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து. பிரபுவுக்கு ரெண்டு பிரதிலயும் ஒரே எழுத்து மாறியிருக்கு. அதனால கொழுப்பு கரையாம தங்குது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரலாம். குடிக்காதவங்களுக்கும் வரலாம். இந்த மாற்றம் இருக்கற எல்லாருக்கும் இது முத்திப் போகாது. இவருக்குக் கொஞ்சம் விறைச்சிருக்கு, ஆனா நேரத்துல வந்துட்டாரு."

"அப்ப இவன் குடிக்கல?"

"இவருக்கு இப்படி ஆகறதுக்குக் குடி தேவையே இல்லை."

"அவுங்கப்பனாண்டயிருந்து வந்துச்சா?"

"பாதி. மீதி உங்ககிட்டேர்ந்து."

தனம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னாண்டயிருந்தா? நான் இன்னாம்மா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. அவரும் ஒண்ணும் பண்ணாம இருந்திருக்கலாம்."



"இருந்திருக்கலாம்னா?" என்றார் தனம். "குடிச்சாரா, குடிக்கலயா?"

"அது இந்தச் சோதனைல தெரியாதும்மா. குடிக்காமலே அவருக்கு அப்படி ஆகியிருக்கலாம்னு மட்டும்தான் நான் சொல்ல முடியும். அவர் என்ன செஞ்சாருன்னு அவர்தான் சொல்லியிருக்கணும்."

"சொன்னாரே" என்றார் தனம். பிறகு வேறு யாரிடமோ பேசுவதுபோல ஆரம்பித்தார். "பீரோ அடியில தேடுவேன். அரிசி டிரம்முல கைய வுட்டுத் துழாவுவேன். தண்ணி தொட்டிக்குள்ள பாப்பேன். ஒரு பாட்டில் கெடைக்கலம்மா. கெடைக்கலன்னதும் இன்னும் கோவம் வந்துச்சி, எங்கதான்யா வெக்கிறன்னு. அந்த வருசம் திருவிழாவுல தோள் குடுக்க வாணாம்னு ஊர்ல சொல்ட்டாங்க. சீட்ட காமின்னாங்க, நான்தான் எடுத்துக் காமிச்சேன்."

பிரபு, "வுடும்மா" என்றான்.

"இன்னாத்த வுட்றது? இருவது வருசமா அந்தாளுக்கு குவாட்டரு படைச்சிக்கினு கீறேன்டா!"

"என்னது?" என்றார் டாக்டர்.

தனம் விளக்கினார். இறந்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒளித்து வைத்துக் குடிக்கிற அளவுக்குப் பிடித்தது என்றால் அதைவிடப் பிடித்தது வேறென்ன இருக்கும்? பதினாறாம் நாளில் ஆரம்பித்து, ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் வடை, பாயசம், கூட ஒரு குவார்ட்டர் பிராந்தி. வாங்கி வருவது கோவிந்தசாமியின் தம்பி. படைத்து முடித்ததும் அதை எடுத்துக் குடிப்பதும் அவர்தான். "அண்ணனுக்குப் புடிச்ச அதே பிராண்டு அண்ணி, கரீக்டா தெரியும்பான். நாளைக்கி அமாவாச. நேத்தே வாங்கியாந்து பிரிட்ஜுல வெச்சிட்டான்."

டாக்டர் மாலினி கழுத்து டேப்பைச் சுருட்டினார், பிரித்தார். 

அப்போதுதான் நான் பேசினேன். டாக்டர் நோயாளியோடு பேசும்போது, ஷீட்டுக்காகக் கேட்பது தவிர, நான் வாய் திறந்தது முப்பத்தோரு வருடத்தில் அன்று ஒரு நாள்தான்.  

"அக்கா, இது என் கையெழுத்து. அவர் தொட்டதே இல்லைன்னுதான் சொன்னாரு. எப்பவாவதுன்னு எழுதினது நானு. தினமும்னு மாத்தினதும் நான்தான்."

பெரிய டாக்டரின் விதியையும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் படமாகக் கீழே வரவேற்பறையில் மாலையோடு இருக்கிறார். அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

தனம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலாம் என்றிருந்தது.

"உன்ன அடையாளம் தெரியாமயா கீறேன்?" என்றார். "அவரு இல்லன்னு சொன்னப்ப நானும் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன். நீ எழுதனத நம்புனேன். அவரு சொன்னத நம்பல. நீ யாரு எனக்கு? அவரு என் மாமன்."

நான் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிளாஸ்டிக் மேல் பேனா வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் முறை அழுத்தினேன். ஒரு புள்ளி கூட விழவில்லை. தாம்பரத்துக் கடைக்காரர்கள் லேமினேஷனை நன்றாகத்தான் செய்கிறார்கள்.

"வுடு" என்றார் தனம். "வேற இன்னா சொன்னாரு அன்னிக்கி?"

"டீ குடிப்பேன்னு சொன்னாரு. ஆறு, ஏழு. எழுதிக்கச் சொன்னாரு. அதுக்குக் கட்டம் இல்லை."

தனம் சட்டென்று சிரித்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ஏழா? எட்டு! ஒண்ணு கொறச்சி சொல்லிக்கிறாரு பாரு, உன்னாண்ட!" கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

பெரிய டாக்டரின் விதி தப்பில்லை. டீக்குப் போட்டிருந்தால் சரியாக வந்திருக்கும்.

டாக்டர் மாலினி வேலைக்குத் திரும்பினார். பிரபுவுக்குச் சர்க்கரை போட்ட பானங்களும் மைதாவும் கூடாது, சோற்றைப் பாதியாக்க வேண்டும், தினமும் வேர்க்க நடக்க வேண்டும், மது எந்நாளும் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விறைப்பு பார்க்க வேண்டும். பரம்பரை தெரிந்ததால் இதில் ஒரு வரியும் மாறவில்லை. தெரியாவிட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். "வீட்ல ஊதச் சொல்றத மட்டும் எழுதி நிறுத்துங்க மேடம்" என்றான் பிரபு. டாக்டர் மருந்துச் சீட்டிலேயே எழுதினார்: 'கொழுப்புக்குக் காரணம் மது அல்ல. வாயை ஊதச் சொல்ல வேண்டாம்.' அவன் சீட்டைச் சட்டைப் பையில் வைக்கும்போது, "இத்தயும் லேமினேசன் பண்ணிடுவேன்" என்றான்.

பிறகு டாக்டர் தனத்தின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்டயும் அந்த மாற்றம் இருக்கும். உங்களுக்கும் ஸ்கேன் பாத்துடலாம். ஸ்டெல்லா, இவங்களுக்கு ஷீட் போடுங்க."

போட்டேன். பெயர், வயது, ஊர். கடைசிக் கட்டம் வந்தது.

"கேளு" என்றார் தனம்.

"மது?"

"தொட்டதே இல்ல."

பிரபு என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனமும் பார்த்துக்கொண்டிருந்தார். 'இல்லை' என்று குண்டு குண்டாக எழுதினேன். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. டீ எத்தனை என்று கேட்டு அதையும் எழுதினேன்.

மறுநாள் அமாவாசை. பிரபு போனில் சொன்னான். படையலில் குவார்ட்டர் வைக்கவில்லை, அந்த இடத்தில் ஒரு டம்ளர் டீ வைத்தார்களாம். சித்தப்பா அரைமணி நேரம் இருந்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டாராம்.